இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்

பதிவில்லாத வைத்தியம் என்று
அருமைநாயகம் பரியாரியாரின் முன்னறையைப் பூட்டி
அரக்கு வைத்தது செவ்வாய்க்கிழமை.
பீ.எச்.ஐ. தயாளசீலன் நெருப்புப்பெட்டியை மறந்து வந்திருந்தார்.
பரியாரியாரே குசினிக்குப் போய்
எடுத்து வந்து கொடுத்தார்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

"தொண்ணூற்றைஞ்சில சனத்தோட நடக்கேக்க
ரங்குப்பெட்டிக்குள்ள இருந்தது என்ர பதிவு.
நாவற்குழிப் பாலத்தில பாரம் தாங்கேலாமல்
மனிசி பெட்டியை விட்டிட்டா.
மூலப்பிரதி வேணுமெண்டால்
அங்க போய்த் தேடுங்கோ."
தயாளசீலன் அதை எழுதிக்கொள்ளவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மாசியில் எடுத்துப்போன சூரணத்துக்கு
ஆடியில் வந்தது பதில்,
கொழும்பிலிருந்து, சிங்களத்தில்.
வாகனச் சாரதி வாசித்துச் சொன்னார்: ஈயம்.
அதே சூரணத்தை முழங்கால் நோவுக்கு
இரண்டு வருடம் நான் தின்றிருக்கிறேன்.
நோவு குறைந்தது.
அதையும் நான் எங்கும் எழுதவில்லை.

வியாழன் கிளினிக்.
ஒன்பதாம் மாத ஊசிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்.
வந்தது ஆறு.
பரியாரியின் கதவைப் பூட்டின ஆட்கள்தானே
ஊசியும் போடுகினம் என்று
சந்தையில் கதை.

பின்னேரம் கஜவதனியின் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டியை விட்டேன்.
வெறும் சீமெந்துக் கல்லில் புது வீடு,
பூச்சுக்குக் காசு இன்னும் வரவில்லை.
"பாதுகாப்பானது" என்றேன்.
பயிற்சியில் தந்த சொல் அது.
அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"அக்கா, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ.
எங்கட தோட்டக்காணிக்கு முன்னால
இருபத்தேழு வருசம் பலகையில நிண்ட சொல்லு.
உயர் பாதுகாப்பு வலயம்.
உள்ளுக்கு வந்தால் சுடுவம் எண்டதுக்குத்
தமிழில அதுதான் பேர்."

பிறகு கேட்டாள்:
"ஒண்டும் நடக்காதெண்டு எழுதிக்
கையெழுத்து வைப்பியளோ?"

பேனை பைக்குள் இருந்தது,
செவ்வாய்க்கிழமை சாட்சி வைத்த அதே பேனை.
அப்படி எழுத ஏலாது.
காய்ச்சல் வரும். சில பிள்ளைகளுக்குத் தடிப்பு.
எத்தனையோ ஆயிரத்தில் எங்கோ ஒன்றுக்கு வலிப்பும் வரும்.
அந்த ஒன்று எந்த ஒழுங்கையில் இருக்கிறதென்று
எந்தக் கணக்கிலும் இல்லை.
எல்லாம் சொன்னேன்.
சின்னமுத்து வந்தால் என்ன என்பதையும்,
பன்னிரண்டு வயதில்
சாவகச்சேரிப் பள்ளிக்கூட முகாமில் நான் பார்த்த
ஒரு பிள்ளையின் கண்களையும்.

"பரியாரியார் மருந்து தரேக்க
முதல் ஒரு சிட்டிகை
தன்ர வாயில போட்டுக் காட்டுவார்,"
என்றாள்.
எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இல்லை.
ரெலிபோன் நம்பரை
பிள்ளையின் அட்டைக்குப் பின்னால் எழுதினேன்.
கையெழுத்து அல்ல,
ஆனாலும் கையால் எழுதியதுதான்.

அடுத்த வியாழன் வந்தாள்.
ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை.
ஆரணன் ஊசிக்கு அழவில்லை,
தோடம்பழ நிறப் பஞ்சைக் கண்டுதான் அழுதான்.
'இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்'
என்று சுவரில் எழுதியிருக்கிறது.
மற்ற நாளில் நான் அடுத்த அட்டையை எடுத்திருப்பேன்.
அன்று வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.
இரண்டு பேரும் பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டு,
கதைக்காமல்.

இரவு பத்தரைக்கு ரெலிபோன்.
"நூற்றியொண்டு" என்றாள்.
பயப்பிடாதை என்று சொல்ல வாயெடுத்து,
விட்டுவிட்டு,
பனடோல் பாணி எத்தனை மில்லி குடுத்தனீ என்று கேட்டேன்.
தெர்மாமீட்டரைப் பைக்குள் வைத்தேன்.

பரியாரியார் வீட்டைக் கடக்கையில்
ஸ்கூட்டி வெளிச்சத்தில் அரக்கு சிவந்து தெரிந்தது.
உடையாமல்தான் இருந்தது.
பக்கத்து யன்னல் அரைவாசி திறந்திருக்க
ஆரோ ஒருவர் கையை நீட்டியபடி நின்றார்.

நான் வேகத்தைக் குறைக்கவில்லை.
முழங்கால் நொந்தது.